இரண்டு குழாய் வைத்த வீட்டு அக்கா

மத்திய அரசின் குடிநீர்த் திட்டம் மக்களுக்கு எவ்வளவு பயன்படுகிறது என்று விசாரித்து எழுதும் தற்காலிக வேலையில், அந்தியூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். நான் எழுதுவதை டில்லியில் யாராவது படிப்பார்கள் என்று நம்பினேன்.

ஒரு வீட்டு வாசலில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் நின்றிருந்தார். வெயிலில் கறுத்த முகம், இடுப்பில் காலிக் குடம். சுவரோரம் இரண்டு புதுக் குழாய்கள். இரண்டையும் திறந்து, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு மூடினார். தினமும் இப்படிப் பார்த்த பிறகுதான் தூரத்துத் தோட்டக் கிணற்றுக்குப் போவாராம்.

“ரெண்டுலயும் தண்ணி வர்றதில்லைங்களா அக்கா?”

“வந்ததே இல்லீங்க தம்பி. போன வருசம் ஒருத்தர் வந்து, தண்ணி வர்லைன்னு எழுதிட்டுப் போனாருங்க. மறுமாசமே இன்னொரு கொழாய வெச்சுப்போட்டுப் போயிட்டாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“கொழாய் வேண்டாம், தண்ணிதான் வேணும்னு நான் தெளிவா எழுதறேனுங்க” என்றேன். படிவத்தில் அதற்கு இடமில்லாததால் ஓரத்தில் எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஏனுங்க, இப்படி எழுதறதுக்கு உங்களுக்குச் சம்பளமுங்களா?”

“ஆமாங்க.”

“போச்சாது, பரவால்ல போங்க. எங்க கொழாயால உங்க ஊட்டுலயாச்சும் அடுப்பெரியுதே.”

சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் நடந்தார். அது கிண்டலா, வாழ்த்தா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நான் எழுதியனுப்பியதற்குப் பதில் வரவில்லை. சம்பளம் மட்டும் அந்த மாதம் சரியாக வந்தது.