லயத்தைப் பார்த்த ஃப்ளட் லைட்

கட்டடங்களுக்கு வெளிச்சம் அமைப்பது என் தொழில். எந்தச் சுவரில் எவ்வளவு விழ வேண்டும், எங்கே விழவே கூடாது என்று வரைந்து கொடுப்பேன். கொழும்பில் எத்தனையோ மாடிகளுக்குச் செய்தபோது வராத பயம் வரக்காப்பொலவில் அந்த ஒரு கட்டடத்துக்கு வந்தது. கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே குடியிருப்புகள். முன்னால் கண்டி வீதி. பின்னால் ரப்பர் தோட்டம், அதன் ஓரத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், நான் பிறந்த லயம். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

அக்கா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். விடியுமுன் கத்தியும் வாளியுமாகக் கிளம்ப வேண்டும் என்பதால் சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவாள். கட்டட முதலாளியோ பின்பக்கத்து வாகனத் தரிப்பிடத்துக்கு மொட்டைமாடியிலிருந்து ஃப்ளட் லைட் அடிக்க ஆசைப்பட்டார். அது லயத்துக்குள் விழும், கீழ்நோக்கிய குட்டைத் தூண் விளக்குகளே போதும் என்று நான் மல்லுக்கட்டினேன்.

முதலாளி பஜாரில் துணிக்கடை வைத்து மேலே வந்தவர், எங்கள் தமிழ் ஆள்தான். ஆனால் பிடித்தால் பிடித்த பிடி.

“ஏம்மா, இவ்வளவு ஒசரமா கட்டிட்டு இருட்டுல வைக்கவா? ஒண்ணு மாட்டிப் பாப்போம். நாளைக்கு அந்தி நேரம் நானே லயத்துல வந்து நிக்கிறேன்.”

வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தைத் தனியாக அளக்க லயம் இருட்டாக இருக்க வேண்டும். எல்லோரையும் லைட்டை நிறுத்திவைக்கச் சொல்லும்படி அக்காவுக்குப் போன் போட்டேன்.

“வெளக்கு வைக்கிற நேரத்துல வீட்ட இருட்டா போடச் சொல்றியா? கொழும்புக்குப் போயி புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அந்தியில் முதலாளியோடு போனால், ஒவ்வொரு வீட்டு முன்திண்ணையிலும், எங்கள் பேச்சில் இஸ்தோப்பிலும், பல்பு எரிந்தது. வாசல் கதவுகள் எல்லாம் விரியத் திறந்திருந்தன. அந்த நேரத்தில் எங்கள் லயத்தில் யாரும் முன்கதவைச் சாத்த மாட்டார்கள்.

முதலாளி சிரித்தார். “இங்கதான் ஏற்கனவே பளபளன்னு இருக்கே. நம்ம லைட்டு என்னா செஞ்சிறப் போகுது?”

என் கையிலிருந்த மீட்டர் தண்டத்துக்கு இருந்தது. அக்காமேல் வந்த கோபத்தில் அவள் முகத்தையே நான் பார்க்கவில்லை. முதலாளி மாடியில் இருந்த ஆளுக்குப் போன் செய்து, “லைட் எக்க தான்ன” என்று சிங்களத்தில் போடச் சொன்னார்.

வெள்ளை வெளிச்சம் திறந்த கதவு வழியாக நேரே சாமிப் படங்களுக்கு முன்னால் ஏற்றியிருந்த விளக்கு வரை போய் விழுந்தது. அக்கா கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள். முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“வெளக்கு நின்னுபோச்சா?”

“எரியுதுங்க. ஒங்க லைட்டுல தெரியல.”

அவர் முகம் மாறியது. கடையில் விளக்கு வைக்காமல் கல்லாவைத் தொடாத மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் குனிந்து சுடரைத் தேடினார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

“சரி, வெளக்கு வைக்கிற நேரம் போட வேணாம். ஏழு மணிக்கு மேல போட்டுக்கலாம்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“சாமிக்குத் தூக்கம் வேண்டியதில்லைங்க மொதலாளி. எனக்கு வேணும். கண்ணு அசந்து வெட்டுனா கத்தி பட்டையில நிக்காது, மரத்துக்குள்ள எறங்கிரும். மரத்தக் காயப்படுத்துனா எனக்கு வேல இருக்குமா?”

முதலாளி போனை எடுத்தார். “நிவன்ன” என்று அணைக்கச் சொன்னார். வெளிச்சம் நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை. அக்காவால் காரியம் கெட்டதா, நடந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஃப்ளட் லைட் வந்தால் அவளை எங்கே கூட்டிப்போய்ப் படுக்க வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள், நான் இரவுச் சாப்பாட்டில் இருக்கும்போது போன் வந்தது. “ஏம்மா, நீ சொன்ன குட்டத் தூணையே போடு. மேல மாட்டுனத கழட்டச் சொல்லிட்டேன்.” அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

கையைக்கூடக் கழுவாமல் அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் வீட்டுக்காரர்தான் எடுத்தார்.

“அவ தூங்கிட்டாளே. அவசரமா? எழுப்பவா?”

“வேணாம் மாமா, தூங்கட்டும்” என்றேன். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன்.