விருந்தினர் சோபா

மோகனப்பிரியா மதியம் ஒன்றரைக்குச் சரவணம்பட்டி அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டி உட்காரும்போது லண்டனில் அப்போதுதான் காலை வேலை தொடங்கும். பழைய கப்பல்துறை இருந்த இடத்தில் வங்கிகளுக்கென்று வானளாவக் கட்டிய வட்டாரம் அது. அங்கே ஒரு கண்ணாடிக் கோபுரத்தின் வரவேற்பறையில் ஆளுயரத் திரை நிற்கும். திரையில் சிரிக்கும் முகம் இவளுடையது. வருகிறவர்களிடம் பெயர் கேட்டுக் கதவைத் திறந்துவிட வேண்டும். அந்த ஊரில் ஆள் வைத்தால் சம்பளம் கட்டுப்படியாகாது என்று கோயம்புத்தூரில் வைத்திருந்தார்கள். பெயரையும் 'மோலி' என்று மாற்றிவிட்டார்கள்.

கோட்டும் டையுமாகப் போகிறவர்கள் அவளைச் சுவரைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்கள். நின்று பேசுகிற ஒரே ஆள், தரை துடைக்கும் ஃபெர்னாண்டா. போர்ச்சுகலிலிருந்து பிழைக்க வந்தவர், அறுபதை நெருங்கியவர். நிஜப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றுமுதல் 'மோகனா' என்றே கூப்பிட்டவர்.

போன மார்ச்சில் ஒருநாள் ஃபெர்னாண்டா வியர்த்துக் கொட்ட, விருந்தினர் சோபாவில் சரிந்து உட்கார்ந்தார். தலை சுற்றுகிறது என்றார். மோகனப்பிரியா உடனே அந்தக் கட்டடத்தின் முதலுதவி ஆட்களுக்குப் போன் செய்தாள். அவர்கள் அங்கே வருவதற்குள், இங்கே அவள் மேசைக்குச் சூப்பர்வைசர் கிருபாசங்கர் வேகமாக வந்தார். கேமராவில் பார்த்துவிட்டு லண்டன் நிர்வாகம் அவரைப் போனில் கூப்பிட்டிருந்தது.

"மோகனப்பிரியா, அந்தம்மாவ எந்திரிக்கச் சொல்லுங்க. கிளீனிங் ஆளுக அதுல உக்காரக் கூடாதுங்க."

"ஏனுங்க சார், மயக்கம் வந்து உக்காந்திருக்கறாங்க. எந்திரிச்சு எங்கீங்க போவாங்க?"

"பேஸ்மென்ட்ல அவங்களுக்கு ரூம் இருக்குதுங்க. சொல்லிப்போடுங்க."

"நான் சொல்ல மாட்டேனுங்க."

கிருபாசங்கர் குனிந்து மைக்கை இழுத்து, நல்ல ஆங்கிலத்தில் தானே சொல்லிவிட்டார். அங்கே, மோகனப்பிரியாவின் முகத்துக்குக் கீழிருந்து அவர் குரல் வந்தது. ஃபெர்னாண்டா திரையை ஏறிட்டுப் பார்த்தார். மெல்ல எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எதிரே வந்த இரண்டு பேர் வழிவிட்டு ஒதுங்கினார்களே தவிர, கையைப் பிடிக்கவில்லை. லிஃப்ட் வாசலில் விழுந்தார். அதற்கப்புறம்தான் முதலுதவி ஆட்கள் ஓடிவந்தார்கள்.

மோகனப்பிரியா ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தாள். "என்ற மூஞ்சிய முன்னால வெச்சுட்டு நீங்க பேசுனீங்களே, எப்படிங்க மனசு வந்துச்சு?" என்று அவள் கத்தியது சரவணம்பட்டி அலுவலகம் முழுக்கக் கேட்டது.

"சத்தம் போடாதீங்க. கான்ட்ராக்ட் போச்சுன்னா எத்தன பேருக்கு வேலை போகும்னு தெரியுமுங்களா?"

"அதுக்குன்னு ஒரு பொம்பளைய உளுக வுடறதுங்களா?"

மறுநாள், சொன்னதைச் செய்யாததற்கு மன்னிப்புக் கேட்டு மெயில் போடச் சொன்னார்கள். அவள் நடந்ததையெல்லாம் எழுதி லண்டன் நிர்வாகத்துக்கே அனுப்பினாள். வருந்துகிறோம் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. ஃபெர்னாண்டா பிழைத்துக்கொண்டார் என்று அங்குள்ள காவலாளி சொன்னார். ஆனால் அவரை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். சோபாவின் பக்கத்தில், விருந்தினருக்கு மட்டும் என்று புதிதாகப் பலகை வைத்தார்கள். மோகனப்பிரியாவைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு மூலையில் மெயிலுக்குப் பதில் போட உட்காரவைத்தார்கள். அந்த வாரமே அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் கணவன் கவின் மெதுவாகத்தான் கேட்டான்: "அவசரப்பட்டுட்டயோ அம்மணி?"

"அவசரமா? அன்னிக்கே அந்த மைக்க அவரு கையிலிருந்து புடுங்கியிருக்கோணுமுங்க" என்றாள் மோகனப்பிரியா. "அதைச் செய்யாம உட்டுட்டேன்னுதான் எனக்கு ஆத்தரமே."