தனக்காக வாதாடாத வக்கீல்

மைனாக்களை விரட்டிக்கொண்டிருக்கிறார் வக்கீல் சல்மீன். வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கையைத் தட்டுகிறார். இரண்டு மட்டும் நகராமல் உச்சிக் கிளையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றன. “போங்கடி, போய்க் கடற்கரையில உக்காருங்க. அப்புறம் குலை நடுங்கிருச்சுன்னு எங்கிட்ட வந்து அழக் கூடாது.” நோன்பு திறக்கும் பீரங்கி முழங்க இன்னும் பத்து நிமிடம். அதற்குள் பறவைகளுக்குச் சொல்லியாக வேண்டும், அதன்பின் கைக்குழந்தைகளுக்கு. ஒவ்வொரு தாயிடமும் போய், பிள்ளையின் காதை எப்படிப் பொத்துவது என்று தன் காதைப் பொத்திக் காட்டுவார். தனக்கு மட்டும் பஞ்சு கிடையாது. “ஊருக்கே கேக்கணும்னுதான் சுடுறேன். நானே கேக்கலேன்னா எப்படி?” என்பார்.

வக்கீல் என்றதும் கறுப்புக் கோட்டை நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர்க் காவல்துறையில் அது ஒரு பதவி. ஏட்டையாவுக்கு மேலே, அதிகாரிக்குக் கீழே. அருப்புக்கோட்டைக் கோர்ட்டு வாசலில் நான் சின்ன வயதில் பார்த்த வக்கீல்களுக்கும் இவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தனக்காக ஒரு வார்த்தை வாதாடத் தெரியாத மனிதர்.

எங்கள் ஊர் என்று நான் சொல்வது அமீரகத்தின் கிழக்கோரத்து ஊரை. இருபத்தாறு வருடமாக இங்கே கைக்கடிகாரம் பழுது பார்க்கிறேன். காளிச்சாமி என்ற என் பெயரில் காளியைக் கழற்றிவிட்டுச் சாமி என்றே கூப்பிடுகிறார்கள். கிழக்கே கடல், மேற்கே மலை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிய பிறகும், அது நிஜமாக மறைய அரைமணி நேரம் ஆகும். கண்ணை நம்பி இங்கே நோன்பு திறக்க முடியாது. எல்லார் கையிலும் போன் இருக்கிறது; இருந்தென்ன? சல்மீனின் பீரங்கி முழங்காமல் ஒருவரும் தண்ணீரைத் தொட மாட்டார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்பவரே காதைத் தீட்டிக்கொண்டு அதற்காகத்தான் காத்திருப்பார்.

நான் நோன்பாளி இல்லை. மத்தியானம் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு சாம்பார் சாதம் சாப்பிடுகிறவன். ஆனாலும் சாயங்காலம் பீரங்கி மைதானத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்பேன். “வந்துட்டான்யா சாமி! சாம்பார் வாசம் ரெண்டு தெரு தாண்டி வந்துச்சு. எங்களை விட உனக்குத்தான் பசி போல” என்று மீன்காரர் தர்வீஷ் வாரியே தீருவார். வாரட்டும். அந்த முழக்கம் நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும்போது, நாள் முழுக்கத் தண்ணீர் குடித்த எனக்கே அப்போதுதான் தாகம் தீர்ந்த மாதிரி இருக்கும்.

பீரங்கியை ‘மாமியார்’ என்றுதான் சொல்வார் சல்மீன். புதிதாகச் சேரும் காவலர்களுக்கு அவர் நடத்தும் பாடமே ஒரு வரிதான்: “முன்னாடியும் நிக்காதே, பின்னாடியும் நிக்காதே. பக்கவாட்டுல நின்னு மரியாதையாப் பேசு.” நான்கு பேர் விறைப்பாக நிற்பார்கள். இவர் இடது மணிக்கட்டைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி, வலது கையைத் தூக்குவார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். கை கீழே விழும். அவ்வளவுதான். எங்கள் ஊரில் பதினோராயிரம் பேர் ஒரே நொடியில் வாய் திறப்பது அந்தக் கைக்குத்தான்.

அந்தக் கை ஒரே ஒரு முறை தப்பியது. பதினோரு வருடம் ஆகிறது. ரமலான் ஒன்பதாம் நாள். பீரங்கி முழங்கியது, பாங்கு கேட்டது, ஊரே கோதுமையும் இறைச்சியும் குழைத்த ஹரீஸ் கிண்ணத்தில் கை வைத்தது. நான்கு நிமிடம் கழித்துப் பக்கத்து ஊர்ப் பாங்கு காற்றில் வந்தது. வாயில் வைத்த கவளத்தோடு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்றைய நோன்பு செல்லாது, பெருநாளுக்குப் பிறகு இன்னொரு நாள் பிடிக்க வேண்டும் என்று இமாம் சொல்லிவிட்டார். பிடித்தார்கள். அதற்குச் சல்மீன் நோன்பு என்று பெயரும் வைத்தார்கள்.

விசாரணையில் “என் தப்பு” என்றார் சல்மீன். வேறு எதுவும் சொல்லவில்லை. பதவி உயர்வு போயிற்று. ஊர் அவரைச் சும்மா விடுமா? “வக்கீலே, இந்த வருஷமும் ஒண்ணு கூடுதலா உண்டா? முன்னாடியே சொல்லிருங்கப்பா!” என்று வருடா வருடம் கேட்டது. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் அவர் கைக்கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டுக் கொடுத்திருந்தேன். எங்கள் அருப்புக்கோட்டையில் எந்த வீட்டுக் கடிகாரமும் சரியான நேரம் காட்டாது. பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று நாலைந்து நிமிடம் முன்னால் தள்ளித்தான் வைப்போம். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் என் விரலிலேயே ஊறிக் கிடந்தது. யார் கடிகாரம், எதற்குக் கட்டுகிறார் என்று யோசிக்காமல் நாலு நிமிடம் தள்ளிக் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்கு ஓடினேன். “நான் போய்ச் சொல்லிர்றேன் வக்கீலே” என்று அழுதேன். வாசலிலேயே மறித்தார். “சொல்லி? வெளியூர்க்காரன், நம்ம மார்க்கத்துலயும் இல்லாதவன் ஊர் நோன்பையே கெடுத்துட்டான்னு பேசுவாங்க. உன்னை விமானம் ஏத்திட்டுத்தான் மறுவேலை பாப்பாங்க. கடிகாரம் யார் கையில இருந்துச்சு? என் கையில. சரிபார்க்க வேண்டியது யாரு? நான். போ, போய்க் கடையைத் திற.” எனக்கு அப்போது இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் இங்கே பள்ளிக்கூடத்தில். போய்க் கடையைத் திறந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

இந்தப் பெருநாளோடு சல்மீனுக்குப் பணி ஓய்வு. ஊருக்கு நேரம் சொன்னவர் என்ற பெயரோடு போக வேண்டிய மனிதர். ஆனால் புதிதாக வந்த கேப்டன் ஹுமைத் பழைய விசாரணைக் கோப்பைப் படித்துவிட்டார். நேற்று, முழங்குவதற்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மைதானத்துக்கு வந்து, கூட்டத்துக்கு முன்னாலேயே சொன்னார்: “வக்கீல், இன்னைக்கு உங்க கடிகாரம் வேணாம். நான் கையைக் காட்டினப்புறம் சுட்டாப் போதும். நாளையிலேருந்து வேற ஆளு பாத்துக்குவாரு.”

சல்மீன் சல்யூட் அடித்தார். மணிக்கட்டை இறக்கிச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

“கேப்டன் சார், அந்தத் தப்பு இவரோடது இல்ல. என்னோடது. கடிகாரத்தை நாலு நிமிஷம் தள்ளி வெச்சுக் குடுத்தது நான். இந்த ஊரு என்னை என்ன வேணா பண்ணட்டும். பதினோரு வருஷமா இந்த மனுஷன் எனக்காகத் திட்டு வாங்கிட்டிருக்காரு.”

நான் எதிர்பார்த்த கூச்சல் வரவில்லை. கேப்டன் சல்மீனைப் பார்த்தார். “நெசமா?”

“இன்னும் அம்பது வினாடிதான் சார் இருக்கு” என்றார் சல்மீன், சட்டைக் கையை விலக்கிப் பார்த்துக்கொண்டே. “பேசிட்டிருந்தா இந்தத் தடவை நாலு நிமிஷம் லேட்டாயிரும்.”

கேப்டன் சைகை காட்டத் தூக்கியிருந்த கையைத் தொங்கப் போட்டார். இரண்டடி பின்னால் நகர்ந்து, “உங்க நேரம்தான், வக்கீல்” என்றார். சல்மீன் மணிக்கட்டை உயர்த்தினார். கை விழுந்தது. மலை முழக்கத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. பாங்கு எழுந்தது, அதே மூச்சில் பக்கத்து ஊர்ப் பாங்கும் எழுந்தது. என் வாழ்நாளில் இத்தனை பெருமையோடு ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை.

“அடப்பாவிகளா!” தர்வீஷ்தான் முதலில் வெடித்தார். “அப்ப நாம புடிச்சது சல்மீன் நோன்பு இல்லையா? சாமி நோன்பா?” கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கோபம் இருக்காதா? ஒரு நாள் பசி அது. இருட்டுக்கு முன் பீரங்கியைத் துடைத்து, காவலர்களைக் கலைந்து போகச் சொல்லிவிட்டு, சல்மீன் நேராக என் பக்கம் நடந்து வந்தார். ஊரில் எல்லாரும் நோன்பு திறந்தாயிற்று. அவர் இன்னும் திறக்கவில்லை.

நான் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பி, “எல்லாரும் என்னை மன்னிக்...” என்று ஆரம்பித்தேன். சல்மீன் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, கொட்டையை நீக்கி, ஊரே பார்க்க என் வாய்க்குள் திணித்தார். அதற்குப் பிறகுதான் தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்.