கோயில் மண்டபத்துக் கணினியும் என் போனும்

அந்தக் கணினியைக் கோயில் மண்டபத்தில் வைத்த அன்று எனக்கு மாலை போட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் கழுத்து கூசுகிறது.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சாஆ என்ற சிறு ஊருக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைகளுக்கு நடுவில் இருக்கிறது நான் பிறந்த தோட்டம். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன் நான். இப்போது ஜொகூர் பாருவில் ஓர் அறையில் தங்கி, தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஒரு சிப் தொழிற்சாலைக்குப் போய் வருகிறேன். எங்கள் தோட்டத்தில் இருந்து அப்படிப் போனவர்கள் மூன்று பேர் சேர்ந்துதான் கணினியும் இணைய இணைப்பும் வாங்கிக் கொடுத்தோம். போன் சிக்னலுக்குத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நிற்க வேண்டிய இடம் அது. பிள்ளைகளுக்கு உதவுமே என்று நினைத்தோம்.

பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் மோட்டார் சைக்கிளைத் திருப்புகிற ஆள். எவனாவது மோசடிக்காரன் உள்ளே புகுந்துவிட்டால்? பிள்ளைகள் கண்டதையும் பார்த்தால்? கணினிக் கடைக்காரரிடம் சொல்லி, மண்டபத்துக்கென்று ஒரே ஒரு கணக்கு திறந்தேன். யார் அந்தக் கணக்குக்குள் நுழைந்தாலும் ஆறு இலக்க எண் ஒன்று என் போனுக்கு வரும். நான் அதை அனுப்பினால்தான் கணக்கு திறக்கும். “உங்க பாரம், படம் எல்லாத்தையும் இதுலயே வச்சிக்குங்க, பத்திரமா இருக்கும்” என்று எல்லாரிடமும் சொன்னேன்.

தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் என் ஓய்வு நேரம் தோட்டத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். மணி பத்து, பிறகு பன்னிரண்டரை. “அண்ணே, நம்பர் வந்துச்சா?” என்று கேட்பார்கள். அலுத்துக்கொள்வது போலக் காட்டிக்கொள்வேன். ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. தோட்டத்தில் யார் என்ன செய்தாலும் என்னைக் கேட்டுத்தான் செய்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுத இவ்வளவு நாள் ஆனது அதனால்தான்.

பக்கத்து வீட்டு அக்கா செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கப் போகிறவர். அவருடைய மகள் பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, மேற்படிப்புக்கு அந்தக் கணினியில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். சான்றிதழ்கள், படம், பாதி நிரப்பிய பாரம் எல்லாம் நான் சொன்னபடி அந்தக் கணக்கில்தான் இருந்தன. “மாமா, நாளைக்கு அனுப்பிடட்டுமா?” என்று கேட்டாள். “பொறும்மா. ஒரு எழுத்து தப்பானாலும் தூக்கிப் போட்டுடுவாங்க. சனிக்கிழமை வந்து நான் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன். மலாயில் இருந்த அந்தப் பாரத்தின் முதல் பக்கத்தைக்கூட எனக்கு முழுதாகப் படிக்கத் தெரியாது. சனிக்கிழமை ஓ.டி., மிகைநேர வேலை, கிடைத்தது. நான் போகவில்லை. போகவில்லை என்று அவளிடம் சொல்லவும் இல்லை.

நாலைந்து நாள் கழித்து, பன்னிரண்டரை மணிக்கு லாக்கரைத் திறந்து போனை எடுத்தேன். ஆறு இலக்க எண் வந்திருந்தது. கூடவே, தெரியாத எண்ணில் இருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி: அங்கிள், அந்த எண்ணை உடனே அனுப்ப முடியுமா, அவசரம், இன்று கடைசி நாள். படம் இல்லை, பெயர் இல்லை. எங்கள் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் மோசடி எச்சரிக்கைத் தாளில் இருப்பது அப்படியே வந்து நிற்கிறது. ஆறு இலக்க எண்ணை அனுப்பாமல், செய்தி வந்த எண்ணைத் தடை செய்தேன். எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் தோட்டத்துக் கூட்டாளியிடம் போனைக் காட்டி, “பாத்தியா, என்கிட்டயேவா!” என்றேன்.

“நீதான்டா உஷாரு” என்றான் அவன். எனக்கு அன்று சோறு நன்றாக இறங்கியது.

ஏழு மணிக்கு வெளியே வந்தபோது அக்காவிடம் இருந்து பதினொரு அழைப்புகள் வந்திருந்தன. மோட்டார் நிறுத்துமிடத்தில் நின்று கூப்பிட்டேன்.

“விண்ணப்பத்த அஞ்சு மணிக்கு மூடிட்டாங்கப்பா” என்றார். மகளின் பழைய எண் காலாவதியாகிவிட்டதாம், புது எண்ணில் இருந்து செய்தி போட்டிருக்கிறாள். பதில் இல்லை என்றதும் காட்டுக்குள் ஓடி அம்மாவைத் தேடிப் பிடித்திருக்கிறாள். இருவரும் தொட்டி மேட்டில் ஏறி என்னைக் கூப்பிட்டபோது என் போன் லாக்கருக்குப் போய்விட்டது.

அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். “ஏன்க்கா கடைசி நாள் வரைக்கும் வச்சிருந்தீங்க?” என்றேன்.

“நீதானப்பா பாக்காம அனுப்பாதன்னு சொன்ன” என்றார்.

அடுத்த நாளே விடுப்புச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். அக்கா திட்டுவார் என்று வழியெல்லாம் பதில் தயாரித்துக்கொண்டே போனேன். அவர் மைலோ கலக்கிக் கொடுத்தார். மகள்தான் சிரித்தாள். “அய்யய்யோ அலமாக்! என்னைய ஸ்கேமர்னு நினைச்சிட்டீங்களா மாமா? என் இங்கிலீஷ் அவ்ளோ நல்லாவா இருக்கு?”

“சும்மா இருடி” என்றார் அக்கா. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

அவளோடு மண்டபத்துக்குப் போய், கணக்கில் இருந்து என் எண்ணை எடுத்துவிடச் சொன்னேன். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. அவள் இரண்டு நிமிடத்தில் செய்தாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவளே சொன்னாள், அதையும் செய்தாள். “இது முன்னாடியே தெரியுமா?” என்றேன். “தெரியும் மாமா. நீங்க வாங்கிக் கொடுத்தது, எப்படிச் சொல்றதுன்னுதான்” என்றாள்.

வெளியே போய்ச் சம்பாதிக்கிற எங்களுக்கு ஊருக்கு ஒன்றை வாங்கிக் கொடுக்கத் தெரிகிறது. கொடுத்த பிறகு கையை எடுக்கத் தெரிவதில்லை. வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் யாருக்கு என்ன தெரியும், என்ன வேண்டும் என்று அவளை மாதிரி ஒருத்தியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

முறையீட்டுக் கடிதம் போட்டுப் பார்த்தாள், பதில் வரவில்லை. பக்கத்து ஊரான லாபிஸில் ஒரு பேரங்காடியில் சாமான் அடுக்கும் வேலைக்குப் போனாள். ஒரு வருடம்.

இந்த வருட விண்ணப்பம் திறந்துவிட்டது என்று கூட்டாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். “அவ அனுப்பிட்டாளாம்டா” என்று அவனே சொன்னான். “முடிஞ்ச பிறகு மாமாகிட்ட சொல்லிக்கலாம்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கா.”

அவள் சொன்னதில் தப்பில்லை. போன வாரம் அக்கா கூப்பிட்டபோது, விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்காமல், அங்கே மழையா என்று மட்டும் கேட்டேன். நல்ல மழை என்றார்.