ஜாக்கி தறிக்கு அடியில்

என் தங்கை மகளுக்கு நிச்சயம் செய்த அன்று, மாப்பிள்ளையின் அத்தை ஒரு கடைப் புடவையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. "ஆரணியில பொண்ணு எடுக்கறீங்க, புடவைய கடையில எடுக்கறீங்களே. முகூர்த்தப் புடவை எங்க தறியில இருந்துதான் வரும்" என்று சபையிலேயே சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "வரட்டும். எதுக்கும் இது ஒரு பக்கம் இருக்கட்டும்" என்றார்.

வாய் நீளம் எனக்கு, வேலை என் வீட்டுக்காரருக்கு. மழையில் சாயம் தோய்த்த பட்டு நூல் காயாமல் தாமதமாக வந்தது. ராப்பகலாக உட்கார்ந்து நெய்தும், கல்யாணத்துக்கு முதல்நாள் இருட்டிய பிறகுதான் புடவையைத் தறியிலிருந்து அறுத்தார். வீட்டு ஜனமெல்லாம் வந்தவாசி மண்டபத்துக்குப் போய்விட்டது. விடிவதற்குள் முகூர்த்தம். நாங்கள் இருவரும் எங்கள் பழைய வேனில் புடவையோடு கிளம்பினோம்.

பாதி வழியில் வேன் ஒரு பக்கமாக இழுத்தது. பின்பக்கம் வலது டயர் பஞ்சர், அதுவும் லாரிகள் உரசிக்கொண்டு போகிற பக்கம். அவர் அங்கேயே நிறுத்தி இறங்கப் போனார்.

"இங்க வாணாங்க. மெதுவா உருட்டிகினு போயி, அந்தப் புளியமரத்தாண்ட மண்ணுல இறக்குங்க."

"இப்படியே ஓட்டினா ரிம்மு போயிடும்."

"ரிம்மு போனா வேற வாங்கிக்கலாம். நீங்க போனா எந்தக் கடையில வாங்கறது?"

முணுமுணுத்துக்கொண்டேதான் ஓட்டினார். மரத்தடியில் நிறுத்தி, நாலு பக்க விளக்கையும் மினுக்கவிட்டோம். இறங்கி நிற்பதற்குள், வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று சாலையின் ஓரக்கோட்டையும் மிதித்துக்கொண்டு பறந்தது. நாங்கள் முதலில் நின்ற இடம் அதுதான். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

ஸ்டெப்னியை இறக்கியவர் சீட்டுக்கு அடியில் வெகுநேரம் துழாவினார். "ஜாக்கி எங்கங்க?" என்றேன்.

"தறிக்கு அடியில கீது."

மழை ஈரத்தில் எங்கள் தறியின் ஒரு கால் தரையில் இறங்கிவிட்டது. அதற்கு முட்டுக் கொடுக்க வண்டி ஜாக்கியை வைத்திருக்கிறார். உலகத்தில் எந்த டிரைவருக்கும் இந்தக் கதி வராது, நெசவாளி வேன் வாங்கினால்தான் வரும். நன்றாகத் திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தறி சாஞ்சா புடவை எப்படி நேரா வரும்?" என்றார்.

மண்டபத்துக்குப் போன் போட்டால் யாராவது வருவார்கள். அந்த அத்தைக்கும் சேதி போகும். அதைவிட, இந்த லாரிகளுக்கு நடுவே இன்னொருத்தரை இருட்டில் வரவழைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. காலால் மண்ணைச் சீண்டினேன். மெத்தென்று இருந்தது. சட்டென்று கேட்டேன்:

"நீங்க உக்காந்து மிதிக்கறதுக்குத் தறியத் தூக்கி வெச்சோமா, கீழ குழி வெட்டினோமா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. குழித்தறியிலேயே ஆயுசைக் கழித்தவராயிற்றே. வண்டியைத் தூக்க முடியாவிட்டால் தரையை இறக்க வேண்டியதுதான்.

மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். நட்டுகளை முதலிலேயே தளர்த்திக்கொண்டார். மரத்தடியில் கிடந்த அகலக் கற்களை அச்சுக்கு அடியில் ஆடாமல் அடுக்கினோம். "இனிமே வண்டிக்குக் கீழ கை, தலை எதுவும் போகக் கூடாது" என்று சட்டம் போட்டேன். பிறகு டயருக்கு அடியில் குழி பறித்தோம். அவர் ஸ்பேனரால் கெல்ல, சீர்ப் பாத்திரங்களில் தங்கை வண்டியிலேயே மறந்துவிட்டுப்போன பெரிய கரண்டியால் நான் மண்ணை அள்ளினேன். வண்டி கல்லின் மேல் உட்கார்ந்தது, சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. காற்றுள்ள டயருக்கு இன்னும் ஆழம் வேண்டியிருந்ததால் மேலும் பறித்தோம். ஸ்டெப்னியை மாட்டி, குழியில் கல்லும் மண்ணும் போட்டுச் சரிவாக மிதித்து, மெல்ல வண்டியை ஏற்றினார். ஏறிவிட்டது. நடு ரோட்டில் கும்மி அடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

மண்டபத்தில் இன்னும் மேளம் தொடங்கவில்லை. பெண் அறையில் கடைப் புடவையைப் பிரித்து வைத்துக்கொண்டு நாலு பேர் நின்றார்கள். கல்யாணப் பெண் மட்டும் சாதாரணச் சேலையில், தலை நிறையப் பூவோடு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பெரியம்மா வராம எதையும் கட்ட மாட்டேன்னுட்டேன்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து நானே கட்டிவிட்டேன்.

மணவறையில் அந்த அத்தை முந்தானையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். தாலி ஏறியதும் மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தை மாசம் எங்க பொண்ணுக்கும் வெச்சிருக்கோம். இதே மாதிரி ஒன்னு போட்டுத் தருவீங்களா?"

"தாராளமா போட்டுத் தரோம்" என்றேன். "ஆனா வீட்டாண்ட வந்து நீங்களே எடுத்துகினு போங்க."