பலகையில் ஒட்டிய பெயர்

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரி திருமணப் பதிவு அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். படப்பிடிப்புக்காக ஊரில் தங்கியிருந்த நடிகை ஒருவர், ஒரு தயாரிப்பாளரோடு மனுக் கொடுக்க வந்தார். பவுடர் இல்லாத முகம், கண்ணுக்குக் கீழே கருவளையம். உட்கார்ந்ததுமே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்துக்கொண்டார்.

மெட்ராஸ் பத்திரிகைகளுக்குத் தெரியாமல் இங்கே முடித்துவிடலாம் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருக்கிறதா என்று பார்க்க மனுவை ஒரு மாதம் வெளிப் பலகையில் ஒட்டிவைப்போம் என்றதும் தயாரிப்பாளரின் முகம் சுருங்கியது. நடிகை சிரித்தார்.

“இதுக்கு முன்னாடி ரெண்டு பேரோட எனக்குக் கல்யாணம்னு பத்திரிகைக்காரங்க போட்டாங்க. நானே போடறது இதான் முதல் தடவை. ஒட்டுங்க சார்.”

ஒட்டினேன். அதில் இருந்தது சினிமாப் பெயர் இல்லை, பெற்றோர் வைத்த பெயர் என்பதால் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த அவருடைய படச் சுவரொட்டியைத்தான் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

மாதம் முடிந்த அன்று நடிகை மட்டும் வந்தார். மதியம்வரை பெஞ்சில் காத்திருந்தார்.

“ஆட்சேபணை ஏதாச்சும் வந்துச்சா சார்?”

“ஒண்ணும் வரலம்மா.”

“என் படத்துலல்லாம் தாலி கட்டற நேரத்துக்கு ‘நிறுத்துங்க’ன்னு ஒருத்தர் ஓடி வருவாரு. இங்க நிறுத்தக்கூட யாரும் வரல பாருங்க.”

காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“அந்தத் தாள் இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே.”

விதிப்படி அன்றே எடுத்திருக்க வேண்டும். கடற்காற்றில் அது தானாகக் கிழியும்வரை நான் தொடவில்லை. அந்த ஆளுக்காகக் கேட்டாரா, அந்தப் பெயருக்காகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.