கொழுந்து செருகிய பலகை

இந்தப் பலகையின் நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு இருக்கிறது. அதை உண்டாக்கியவன் நான். அதற்காக இன்றுவரை பாராட்டு வாங்குகிறவன் என் மாமா மகன்.

ஹட்டனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டலாக்கியபோது இருவரும் ஒரே நாளில் சமையற்கட்டில் சேர்ந்தோம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவன். அவனும் அப்படித்தான், ஆனால் பார்த்தால் தெரியாது. மாலைத் தேநீரோடு கேக் வைத்துக் கொடுக்கும் பலாப் பலகைகளைச் சுத்தமாக வைத்திருப்பது எங்கள் வேலை. அவனுக்கு ஆறு, எனக்கு ஆறு. யாருடையது நன்றாக இருக்கிறதோ அவனைச் சாப்பாட்டறைக்கு எடுப்பதாக மெனேஜர் சொல்லியிருந்தார். சாப்பாட்டறை என்றால் வெள்ளைக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுவரிசை வாசலில் ஒருமுறை நடந்துவிட வேண்டும். அப்போது எனக்கு வேறு ஆசையே இல்லை.

அவனுடைய ஆறும் மினுமினுத்தன. உப்பும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்ப்பான், சட்டென்று அலசித் துடைப்பான், நிறுத்திக் காயவைப்பான். இதெல்லாம் நானும் செய்தேன். ஒருநாள் அவன் தேங்காயெண்ணெய் பூசுவதை ஒளிந்து பார்த்துவிட்டு, அவனைவிட இரண்டு மடங்கு பூசினேன். இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன் இங்கத்தைய குளிரை மறந்துபோனேன். விடிந்து பார்த்தால் ஆறு பலகையிலும் எண்ணெய் உறைந்து வெள்ளைத் திட்டு. அவன் எண்ணெயை இளஞ்சூடாக்கித் தேய்த்து, ஊறியதும் மிச்சத்தைத் துணியால் வழித்தெடுப்பவன். அதைப் பார்க்காமலே நான் ஓடிவந்திருக்கிறேன்.

"என்ன மச்சான், பலகைக்குத் துன்னூறு பூசி வச்சிருக்க?" என்றான்.

ஊரையே கிண்டல் பண்ணுகிறவன் நான். அன்று வெள்ளைத் திட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் அவன் சாப்பிடப் போனபோது, அவனுடைய பலகைகளில் அழகானதைக் கொதிநீரில் அமிழ்த்தினேன். ஊறியதும் எடுத்து அடுப்போரம் சாய்த்துவைத்தேன். தேநீர் வேளைக்குள் வெடித்துவிட்டது. அவன் வந்து வெடிப்பைத் தடவிப் பார்த்தான். ஈரமாயிருந்த என் சட்டைக் கையையும் பார்த்தான். நேரே பின்பக்கம் போய் நாலைந்து தேயிலைக் கொழுந்து கிள்ளிவந்து, வெடிப்பில் வரிசையாகச் செருகி, பக்கத்தில் கேக்கை அடுக்கிக் கொண்டுபோனான். வெள்ளைக்கார அம்மா ஒருவர் கேக்கைத் தொடாமல் பலகையைப் போட்டோ எடுத்தார். பக்கத்து மேசைக்காரர்களும் அதே மாதிரிப் பலகை வேண்டுமென்றார்கள். மெனேஜர் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோட்டு அவனுக்குப் போனது. பொத்தான் போட்டுக்கொண்டே என் காதருகில் குனிந்தான்.

"இன்னொன்ன ஊறப் போட்டுத் தர்றியா மச்சான்? ஒன்னு பத்தலயாம்."

இப்போது பன்னிரண்டு பலகையும் என் பொறுப்பு. தினமும் தேநீர் முடிந்ததும் இது என் கைக்கு வருகிறது. ஈர்க்குச்சியால் வெடிப்பைச் சுத்தம் செய்கிறேன், இளஞ்சூட்டில் எண்ணெய் தேய்க்கிறேன், மிச்சத்தை வழித்தெடுக்கிறேன். எண்ணெய் பூசாமல் விட்டுவிடலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. கை கேட்பதில்லை. பன்னிரண்டிலும் இதுதான் அதிகம் மினுங்குகிறது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டறைக்குள் போகும்போது, அந்த வெள்ளைக் கோட்டில் ஒரு பொட்டு எண்ணெய்க் கறையாவது இருக்கிறதா என்று கதவிடுக்கில் பார்ப்பேன்.

இதுவரை இல்லை.